என் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை

அன்று காலை எங்கள் பங்குக் கோவில் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் கணவர், என் அம்மா, என் தங்கை மகள், பங்குச் சாமியார், பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கணக்கர். வேறு யாரும் இல்லை. இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அங்கே கேட்ட பேச்சு வேறு யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று வாசலையும் ஜன்னலையும் நான் மூன்று தடவையாவது திரும்பிப் பார்த்தேன்.

பதிவேட்டில் ஒரு பெயரைப் பார்க்க ஒரு குடும்பமே போக வேண்டியதில்லைதான். ஆனால் நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மேஜை, முத்திரை, படிவம் என்றாலே, என்ன கேட்பார்களோ, எதை மறந்துவிட்டு வந்தோமோ என்று முந்தைய நாளே பயம் ஆரம்பித்துவிடும். அதனால் எங்கே போனாலும் கணவரை இழுத்துக்கொண்டு போவேன். அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு அந்தக் கோவிலில் எல்லாரையும் தெரியும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்திலிருந்து அது எங்கள் பங்கு. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். இப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு பஸ் ஏறி செகந்திராபாத்துக்கே வந்துவிடுவோம்.

தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் மகள் ஆறு வயதிலிருந்து எங்களோடு இருக்கிறாள். இப்போது பதினான்கு. என்னைப் பெரிம்மா என்பாள். நான் தமிழில் கேட்டால் அவள் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். இந்த வருடம் அவளுக்கு உறுதிப்பூசுதல். ஞானஸ்நானம் கைக்குழந்தைக்குப் பெற்றவர்கள் சேர்ந்து கொடுப்பது. இது அப்படியில்லை. வளர்ந்த பிள்ளை தன் காலால் நடந்துபோய் ஆயர் முன்னால் நிற்க வேண்டும். அவர் கிறிஸ்மா தைலத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார். வாழ்நாளில் ஒரே தடவை. அந்த நேரத்தில் பிள்ளையின் பின்னால் ஞானத்தாய் நின்று வலது கையைத் தோளில் வைத்திருக்க வேண்டும். பெற்ற தாய் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, பெரியம்மா நிற்கலாம்.

அவள் என்னைத்தான் கேட்டாள். மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே கேட்டாள். "பெரிம்மா, நீங்கதான் நிக்கணும். வேற யாராவது வந்து கைய வச்சா நான் போகமாட்டேன், பக்கா." நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

புதிதாக வந்திருக்கும் சாமியார் எல்லாவற்றையும் சரிபார்ப்பவர். ஞானத்தாயாக நிற்பவரும் உறுதிப்பூசுதல் பெற்றவராக இருக்க வேண்டும், பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் பட்டியல் போடுவேன் என்று பூசையிலேயே அறிவித்திருந்தார். அதற்காகத்தான் அன்று போனோம்.

கணக்கர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வந்து தூசு தட்டினார். என் பெயரைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. உறுதிப்பூசுதல் எப்போது, கல்யாணம் எப்போது, எல்லாம் அங்கேதான் எழுதுவார்களாம். அவர் விரலை வைத்தபடி சாமியாரைப் பார்த்தார்.

"ஃபாதர், கல்யாணம் எழுதியிருக்கு. கன்ஃபர்மேஷன் லேது."

"லேதுன்னா?" என்றேன். தெலுங்கு எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"இல்லைம்மா. ஒண்ணும் எழுதல."

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. எழுத மறந்திருக்கிறார்கள், பழைய கணக்கர் சரியில்லாதவர், வேறு புத்தகத்தில் இருக்கும் என்று படபடவென்று பேசினேன். "ஃபாதர், இதே கோவில்ல, பதினோரு வயசுல, எனக்கு பிஷப் கையாலயே ஆச்சு. நான் பொய் சொல்லல."

"பொய்னு யாரும் சொல்லலையே. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க."

அதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் இந்தப் பிள்ளை அழுத நாட்களில் இவளுக்கே சொல்லியிருக்கிறேன். அதே கதையைச் சாமியாருக்கும் சொன்னேன். வெயில் காலம். முந்தின ராத்திரியிலிருந்து அம்மா பட்டினி போட்டிருந்தாள். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளை நைலான் கவுன். பிஷப் கன்னத்தில் அறைவார், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் சொல்லிவைத்திருந்ததால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நான்கு பேர். பிறகு மூன்று. அவருடைய உயரமான தொப்பி கிட்டே வருகிறது. அவ்வளவுதான் ஞாபகம். அடுத்தது, கோவிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்து சிமெண்டுத் திண்டில் அம்மா மடியில் கிடக்கிறேன். நெற்றி பிசுபிசுவென்று எண்ணெயாக இருக்கிறது. அம்மா சொல்கிறாள், "ஆயிடுச்சு, பிஷப் தொட்டுட்டார், எந்திரி."

"பரிசுத்த ஆவி இறங்குன வேகம் ஃபாதர். என்னால தாங்க முடியல. விழுந்துட்டேன்" என்று முடித்தேன்.

சாமியார் பேனாவை மூடித் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். நானும் திரும்பினேன். அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா," என்றாள் தங்கை மகள். "ஏமைந்தி, என்னாச்சு? எதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல," என்றாள் அம்மா. அப்புறம் சொன்னாள். "இவளுக்கு முறை வர்றதுக்கு முன்னாலயே மயக்கம் போட்டுட்டா ஃபாதர். மூணு பிள்ளைங்க பாக்கி இருந்துச்சு. நானும் ஞானத்தாயா நின்ன பக்கத்து வீட்டுக்காரம்மாவும் தூக்கிட்டு வெளிய போயிட்டோம். இவ கண்ணத் தொறக்கல. வாந்தி வேற. பூசை முடிஞ்சு பிஷப் கார் ஏறி அடுத்த கோவிலுக்குப் போயிட்டார்."

"நெத்தியில எண்ணெய் இருந்துச்சே," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"பையில வேளாங்கண்ணி எண்ணெய் இருந்துச்சு. மயக்கத்துக்குத் தடவினேன். நீ முழிச்சதும் முதல் கேள்வி, ஆச்சாம்மா ஆச்சாம்மான்னு. நெத்தியத் தொட்டுப் பாத்து நீயே சிரிச்சே. நான் ஆமான்னுட்டேன்."

வேளாங்கண்ணி எண்ணெய். யாத்திரை போய் வருகிறவர்கள் மாதா படம் ஒட்டிய குட்டி பாட்டிலில் கொண்டுவந்து கொடுப்பது. தலைவலிக்கு, வயிற்று வலிக்கு, பரீட்சைக்கு, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான்.

"தேங்காய் எண்ணெயா?" என்றார் என் கணவர். சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. நான் பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சாமியார் வாய் அசைவது தெரிகிறது, சொல்வது ஏறவில்லை. முப்பத்தைந்து வருடம். நான் பயந்தாங்கொள்ளி என்பது தெருவுக்கே தெரியும். அந்தப் பயத்துக்கு என்னிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. கட்டைவிரலால் நெற்றி நடுவில் அழுத்திக்கொள்வேன். இங்கே ஆயர் தொட்டிருக்கிறார், முத்திரை போட்டாகிவிட்டது, இதை யாராலும் அழிக்க முடியாது என்று சொல்லிக்கொள்வேன். கணவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பிள்ளையின் ஸ்கூல் பஸ் நாற்பது நிமிடம் வராமல் போன மழை நாளிலும் அப்படித்தான். அவ்வளவு நாளும் நான் எதை அழுத்திக்கொண்டிருந்தேன்?

கேட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி. "ஃபாதர், என் கல்யாணம் செல்லுமா?"

"செல்லாதுன்னா இப்பவே சொல்லுங்க ஃபாதர்," என்றார் கணவர். "நான் ஆட்டோ கூப்பிடறேன்."

"செல்லும்மா. கல்யாணம் செல்லும், பாவசங்கீர்த்தனம் செல்லும், நற்கருணை செல்லும். இது ஒண்ணுதான் இன்னும் ஆகல."

"அப்போ இவளுக்கு நான் நிக்க முடியாதா?"

ஆயர் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "இப்ப இருக்கிற நிலைமையில முடியாது" என்றார். மறைக்கல்வி டீச்சர் ஒருவர் அவள் பின்னால் நிற்கலாம், அதில் தவறில்லை என்றார். தங்கை மகள் எழுந்து நின்றாள்.

"அப்டியானா நாக்கு ஒத்து ஃபாதர். எனக்கும் வேண்டாம்."

"ஏய், உக்காரு," என்றேன்.

"நக்கோ, வேண்டாம் பெரிம்மா. அம்மா வரமாட்டாங்க. நீங்களும் இல்லைன்னா பின்னால யாரு?"

சாமியார் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அன்றைக்கே எனக்கும் ஆயர் உறுதிப்பூசுதல் கொடுக்க முடியுமா என்று ஆயர் இல்லத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். முதல் ஆளாக நான் பெற்றுக்கொண்டால், அதற்குப் பிறகு அவளுக்கு நிற்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அனுமதி வர வேண்டும். நானும் வகுப்புக்கு வர வேண்டும். எனக்கும் பின்னால் நிற்க ஒருவர் வேண்டும்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து கிரைண்டரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தம் இல்லாமல் என்னால் சண்டை போட முடியாது, அக்கம்பக்கத்தில் கேட்குமே என்று இருக்கும்.

"அடுத்த நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்ல முப்பது பேர் பிரியாணிக்கு உக்காந்திருந்தாங்க. உங்க அப்பா ஃபோர்மேனை வேற கூப்பிட்டிருந்தார். அவருக்கே நான் சொல்லல."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த வருஷம் பிஷப் வருவார், நைசா பண்ணிடலாம்னு இருந்தேன். அவர் வரல. அதுக்குள்ள நீ ஆவி இறங்குச்சு, ஆவி இறங்குச்சுன்னு காலனி பூரா சொல்லிட்ட. உன் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சர்டிபிகேட்டை நான்தானே வாங்கிட்டு வந்தேன். அப்ப இருந்த சாமியார், கன்ஃபர்மேஷன் ஆகலையான்னு கேட்டார். ஊர்ல போய் பண்ணிக்குவாங்கன்னேன்."

"சாமியார்கிட்ட பொய்யா?"

"கத்தாத. ஆகலைன்னு சொல்லியிருந்தா நீ ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பியா? பல்லி விழுந்தா மூணு நாள் சாப்பிடமாட்டே. நீ இந்த ஒரே விஷயத்துலதான் நிம்மதியா இருந்தே. அதை நான் எப்படி எடுக்கிறது?"

அவள் ஏமாற்றினாள் என்பதைத் தாங்கிக்கொள்ளலாம். என்னை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ஏமாற்றியிருக்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு உப்பு, உளுந்து, மின்சாரம் எப்போது வரும் என்பதைத் தவிர நாங்கள் இருவரும் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நான்கு மாலை வகுப்புக்குப் போனேன். பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர், நான் ஒருத்தி. எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு இருபத்து மூன்று வயது. எனக்குப் பின்னால் நிற்கவும் அந்தப் பெண்தான் சம்மதித்தாள். முதல் நாள் அவள் கிறிஸ்மாவைப் பற்றிச் சொன்னாள். ஒலிவ எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்து, ஆயர் மந்திரித்து வைப்பது, மணம் ரொம்ப நேரம் போகாது என்றாள். நான் கையைத் தூக்கி, தேங்காய் எண்ணெய் வாசனையில்லையா என்று கேட்கப் போனேன். பாதியில் கையை இறக்கிக்கொண்டேன். ஆயர் தைலத்துக்குத் தேங்காய் எண்ணெய் வாசனைதான் என்று எத்தனை பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்!

பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. ஞானம், புத்தி, விமரிசை வரை வரும். நாலாவது திடம். அங்கே வந்து நின்றுவிடுவேன்.

"ஆன்ட்டி, மறுபடி," என்பாள் டீச்சர். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். தங்கை மகள் திரும்பி அவர்களை முறைப்பாள்.

வீட்டில் கணவர் ஒப்பிக்க வைத்தார். "கடைசி ஒண்ணு தெய்வபயம். அதுல பாதி உனக்கு ஏற்கெனவே இருக்கு. தெய்வத்தை மட்டும் சேத்துக்க, போதும்."

ஒன்பதாவது நாள்வரை அனுமதி வரவில்லை. நான் மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டு ஒரு வாளியைக் கெடுத்தேன். வியாழக்கிழமை மதியம் போன் அடித்தது. கணக்கர். எடுக்கப் பயந்து கணவரிடம் நீட்டினேன். "ஹவ். ஹவ், சார். சரி சார்," என்று ஆமாம் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு, "நீதான் ஃபர்ஸ்ட்டாம்," என்றார். தங்கை மகள் குதித்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் வர வேண்டுமே என்று செத்துக்கொண்டிருந்தவளுக்கு, வந்தவுடன் புதிய பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் விழுந்துவிட்டால்?

ஞாயிறு காலை பூசைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே இரண்டு இட்லி தின்றேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். வெள்ளைச் சேலை கட்டினேன். அம்மா குளித்து, பட்டுப் புடவை கட்டி, பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நீ வரவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பஸ்ஸில் இந்தத் தடவை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆயருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ் ஜெபங்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்துப் படித்தார். பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தேன். டீச்சரின் கை என் தோளில் இருந்தது. சின்னக் கை. எனக்கு முன்னால் யாரும் இல்லை, எண்ணுவதற்கு நான்கு பேர் மூன்று பேர் என்று எதுவும் இல்லை. தொப்பி நேரே முன்னால். அவர் கட்டைவிரல் சில்லென்று இருந்தது. நெற்றியில் கீழாக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. ஆமென் என்றேன். கன்னத்தில் யாரும் அறையவில்லை.

நான் காத்திருந்தேன். உண்மையாகச் சொல்கிறேன், விழுவதற்குக் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. தரை தரையாகவே இருந்தது. பாடகர் குழுவில் யாரோ ஒருவர் தப்பான சுருதியில் பாடிக்கொண்டிருந்தார். மூக்குக்குள் இதுவரை நான் முகர்ந்தே இராத ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதானா? முப்பத்தைந்து வருடமாக நான் சொல்லிவந்த அந்தப் பெரிய வேகம் வெறும் பட்டினியும் நைலான் துணியுமா? டீச்சர் மெல்லத் தள்ளினாள். "ஆன்ட்டி, நகருங்க. அங்க போங்க."

வரிசையின் கடைசிக்கு நடந்தேன். தங்கை மகள் பத்தொன்பதாவது. அவள் பின்னால் போய் நின்று வலது கையைத் தோளில் வைத்தேன்.

"பெரிம்மா, ஸ்லோ. நகம் குத்துது."

"சாப்பிட்டியா நீ?"

"ரெண்டு தோசை. நேனு படனு, பயப்படாதீங்க. விழமாட்டேன்."

ஆயர் முன்னால் வந்தோம். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மள்ளீ மீரேனா?" மறுபடியும் நீங்களேவா என்று தெலுங்கில் கேட்டார். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தில்தான் அவள் சிலுவையை வாங்கிக்கொண்டாள். அவள் ஆமென் சொன்னபோது நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். ஞானத்தாய் சொல்லக் கூடாது. ஆனால் வந்துவிட்டது. என் கை அவள் தோளில் இருந்தது. வேறு யார் கையும் இல்லை.

வெளியே மரத்தடியில் சாப்பாடு. அம்மா தட்டு வாங்கவில்லை, தூரமாக நின்றாள். நானே ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காத, வழிஞ்சிரும்," என்றாள். "துடைச்சிராத." நான் நிழலுக்கு நகர்ந்தேன். "ஞானத்தாயா நின்ன பக்கத்து வீட்டம்மா சாகும்போதுகூட கேட்டா, அவகிட்டச் சொல்லிட்டியான்னு," என்றாள் அம்மா. அப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள்.

கணக்கர் நோட்டுப் புத்தகத்தோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். மெழுகுவர்த்தி, கழுத்துப் பட்டை, சர்டிபிகேட், சாப்பாடு எல்லாம் சேர்த்து உறுதிப்பூசுதல் பெறும் ஒவ்வொருவருக்கும் அறுநூறு ரூபாய். தங்கை மகளுக்கு நாங்கள் முன்பே கட்டியிருந்தோம். என் பெயரைக் கடைசி நேரத்தில் கையால் சேர்த்ததால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"மேடம், நீங்களும் ஒரு கேண்டிடேட்தானே," என்றார்.

எனக்குப் பகீரென்றது. பணத்துக்காக இல்லை, அந்த வார்த்தைக்கு. பர்ஸில் பஸ் காசு போக இருநூற்று ஐம்பது இருந்தது. கொடுத்தேன். கணவர் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, கையை விரித்தார். கணக்கர் பத்தொன்பது பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே, இருபதாவதாக என் பெயரை எழுதி, அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள் என்றார். நான் தர வேண்டிய பாக்கி முந்நூற்று ஐம்பது ரூபாய்.